தோல் ஊருக்கு, ரோமம் ஆற்றுக்கு

கிரேக்க மலைக் கிராமங்களின் கம்பளி விரிப்புக்கு அரசாங்கமே இலக்கணம் வகுத்தது. வாலாஜாபேட்டையின் கம்பளத்தை அந்த ஊரே மறந்துவிட்டது. ஓர் ஆட்டின் உடம்பிலிருந்து இரண்டு தொழில்கள் எப்படிப் பிரிந்துபோயின, பிரிந்ததற்குப் பாலாறு என்ன விலை கொடுத்தது?

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் டேனரி என்று சொல்வதைவிட, தோல் ஷாப் என்று சொல்பவர்களே அதிகம். உப்புப் போட்ட செம்மறித் தோல் அங்கே லாரியில் வந்து இறங்குகிறது. தண்ணீரில் ஊறப்போட்டு உப்பையும் அழுக்கையும் நீக்கியபின், சதைப் பக்கத்தில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த குழம்பைப் பூசி, மடித்து அடுக்குகிறார்கள். ஓர் இரவு போதும், ரோமக்கால்கள் தளர்ந்துவிடும். மறுநாள் கையால் தள்ளினாலே முடி கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். வராததை மழுங்கிய கத்தியால் வழித்துவிடுவார்கள். அதன்பின் தோல் தொட்டி தொட்டியாகப் பயணம் செய்து, மெருகேறி, வெட்டித் தைக்கப்பட்டு, ஐரோப்பியக் கடைகளில் ஷூவாக நிற்கும்.

கழன்று விழுந்த முடி என்ன ஆகிறது என்பதை யாரும் பெரிதாக விசாரிப்பதில்லை. இந்த வட்டாரத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, அதே முடியை உயிராக மதித்த ஓர் இடத்துக்குப் போய்வர வேண்டும்.

பிந்துஸ் மலையின் வெள்ளை விரிப்பு

கிரீஸின் முதுகெலும்பாக வடக்கிலிருந்து இறங்குவது பிந்துஸ் மலைத்தொடர். அங்கே வ்லாக் எனும் இடையர் சமூகம் கோடையை மலையிலும் குளிர்காலத்தைத் தெசலி சமவெளியிலுமாகக் கழித்து, மந்தையை ஓட்டிப் பிழைத்துவந்தது. மெட்சோவோ, சமரினா போன்ற மலையூர்களின் பெண்கள் தறியில் நெய்த தடித்த கம்பளி விரிப்புக்குப் பெயர் ஃப்ளொகாட்டி. பாவும் கம்பளி, ஊடையும் கம்பளி, மேலே நீள நீளமாகத் தொங்கும் திரிகளும் கம்பளி. நிறம் பெரும்பாலும் ஆட்டின் இயற்கை வெண்மையே.

தறியிலிருந்து இறக்கியதும் ஃப்ளொகாட்டி முழுமை பெறுவதில்லை, அது ஆற்றுக்குப் போக வேண்டும். மலையோடையை ஒடுக்கி, கூம்பு வடிவ மரத்தொட்டிக்குள் வேகமாக விழச் செய்வார்கள். இதற்கு நெரொத்ரிவி என்று பெயர். தொட்டிக்குள் தண்ணீர் சுழல, அதோடு விரிப்பும் மணிக்கணக்கில் சுழலும். அடித்துணி இறுகும். மேலே நிற்கும் திரிகளின் முறுக்கு அவிழ்ந்து, புசுபுசுவென்று மலரும். இந்தக் கட்டத்தில் ரசாயனத்துக்கு வேலையே இல்லை. விரிப்பை மென்மையாக்குவது ஓடும் குளிர்நீரும் அதன் விசையும்தான்.

மலைக்குளிரில் அதுவே படுக்கை, அதுவே போர்வை. மணப்பெண் புகுந்த வீட்டுக்கு எடுத்துப்போகும் சீரிலும் அதற்கு இடமுண்டு. 1960, 70-களில் ஐரோப்பிய, அமெரிக்க வரவேற்பறைகளில் இந்த விரிப்புக்குத் திடீர் மோகம் பிறந்தது. மோகம் வந்தால் போலியும் வரும். 1966-இல் கிரேக்க வணிக அமைச்சகம் விதி வகுத்தது: கிரீஸில் கையால் நெய்திருக்க வேண்டும், பாவு, ஊடை, திரி மூன்றும் நூற்றுக்கு நூறு கம்பளியாக இருக்க வேண்டும், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 1,800 கிராம் எடை வேண்டும், தண்ணீரில் சுழற்றிப் பதப்படுத்தியிருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால்தான் அந்தப் பெயர்.

அந்த விதி காத்தது விரிப்பை மட்டும் அல்ல. ஆட்டிடையர், நெசவுப் பெண், ஓடையோரத் தொட்டிக்காரர் என்று ஒரு சங்கிலியையே அது ஒரு பெயருக்குள் கட்டிவைத்தது. அந்தச் சங்கிலியில் தெளிந்த நீரோடும் ஆறும் ஒரு கண்ணி.

வெயிலூர் ஆட்டுக்கு எதற்குக் கம்பளி?

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வது ஊர்க்காரர்களுக்கே வழக்கம். அந்த வெயிலில் மேயும் சென்னைச் சிவப்பு ஆட்டின் உடம்பில் இருப்பது குட்டையான, மொரமொரப்பான முடி. சேலம் பக்கத்து மேச்சேரி ஆடும் அப்படியே. தமிழ்நாட்டுச் செம்மறி இனங்களில் பெரும்பாலானவை இந்த முடி ஆட்டு வகை. ரோமம் தருபவை திருச்சிக் கருப்பு, கோயம்புத்தூர், நீலகிரி என்று சிலவே. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் சுமார் 45 லட்சம் செம்மறிகள் இருக்கின்றன. ஆனால் நாட்டின் கம்பளி உற்பத்தியில் தமிழ்நாட்டின் பங்கு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. முதலிடத்தில் இருப்பது ராஜஸ்தான்.

கம்பளியில் தோற்ற இந்த ஆடு தோலில் வென்றது, அதுவும் கம்பளி இல்லாததாலேயே. அடர்ந்த ரோமமுள்ள ஆட்டின் தோலில் ரோமக்கால்களும் கொழுப்புச் சுரப்பிகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பதனிடும்போது கொழுப்பு வெளியேற, அந்த இடமெல்லாம் வெற்றிடமாகும். மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் பிடிப்பு தளர்ந்து, தோல் பஞ்சுத்தன்மை அடையும். முடி ஆட்டுக்கு அந்தச் சிக்கல் குறைவு. நார்கள் நெருங்கிப் பின்னியிருப்பதால் தோல் மெலிதாகவும் உறுதியாகவும் இருக்கும். கையுறைக்கும் ஷூவின் மேல்பாகத்துக்கும் உலகம் தேடுவது இதைத்தான். மேச்சேரித் தோலுக்குச் சந்தையில் தனி மரியாதை இருப்பதன் ரகசியமும் இதுவே.

பிந்துஸ் இடையருக்கு ஆடு உயிரோடிருக்கும்வரை ஆண்டுதோறும் ரோம வருமானம். நம் இடையருக்கோ கிடை போட்டால் எருவுக்குக் கூலி, விற்றால் கறிக்கு விலை. தோலின் லாபம் ஆடு அறுபட்டபின், வேறு கைகளுக்குத்தான் போனது.

வாலாஜாவின் கம்பளங்கள்

இவ்வளவையும் வைத்து, தமிழ்நாட்டில் ரோம நெசவே இல்லை என்று முடிவுகட்டினால் தவறு. பட்டு, பருத்தி இவற்றோடு மயிரையும் நூலாக்கி நெய்த காருகர்கள் புகாரில் இருந்ததைச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூர் எடுத்த காதை பதிவுசெய்கிறது. வடதமிழகத்தையும் கன்னட, தெலுங்கு எல்லைகளையும் ஒட்டி வாழ்ந்த குரும்பர்கள் மந்தை மேய்த்ததோடு கருங்கம்பளியும் நெய்தார்கள். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை போட்டு நெய்யும் அந்தக் கம்பளி மழையைத் தாங்கும், முள்ளைத் தாங்கும், ராத்திரிக் காவலில் தரைக்கும் விரிப்பாகும். அழகுக்காக அல்லாமல் பிழைப்புக்காக நெய்தது என்பதில் அது ஃப்ளொகாட்டியின் நெருங்கிய உறவு.

அழகுக்காகவும் நெய்த ஊர் ஒன்று பாலாற்றங்கரையில் இருந்தது. அது வாலாஜாபேட்டை. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரில், அவருடைய அமைச்சர் ராயாஜி 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய வணிக நகரம். சென்னைத் துறைமுகத்துக்கும் மலைக்கணவாய்களுக்கு மேலே இருக்கும் மைசூர் நாட்டுக்கும் இடையே போய்வந்த சரக்கு வண்டிகளுக்கு இது பெரிய தங்கல். நெசவாளர், சாயக்காரர், வணிகர் எல்லாரும் குடியேறினார்கள். தியாகராஜரின் நேர்ச்சீடரும் அவருடைய கீர்த்தனைகளைச் சுவடிகளில் காத்தவருமான வேங்கடரமண பாகவதர் தஞ்சைப் பக்கத்து அய்யம்பேட்டையிலிருந்து வந்து வாழ்ந்ததும் இங்கேதான். அவருடைய சௌராஷ்டிரச் சமூகம் நெசவுக்குப் பேர்போனது. 1866-லேயே வாலாஜாபேட்டை நகராட்சி ஆனது என்பதிலிருந்து அதன் செல்வாக்கை ஊகிக்கலாம்.

தென்னிந்தியாவில் கம்பளம் என்றால் அன்று ஆந்திரத்தின் ஏலூரும் மசூலிப்பட்டினமும் முன்னே நின்றன. தமிழ்ப் பகுதியில் அய்யம்பேட்டையும் வாலாஜாவும் அந்த வரிசையில் சேர்ந்தன. 1908-இல் ஹென்றி ஹாரிஸ் என்பவர் தென்னிந்தியக் கம்பள நெசவு பற்றித் தனி நூலே எழுதினார், சென்னை அரசு அச்சகம் அதை வெளியிட்டது. ஒரு கைத்தொழிலைப் பற்றி அரசு ஆவணப்படுத்தத் தொடங்குகிறது என்றால், அந்தத் தொழில் படுக்கையில் விழுந்துவிட்டது என்று பல நேரம் பொருள். வாலாஜாவின் கம்பளமும் அப்போது அந்த நிலையில்தான் இருந்தது.

கம்பளத்தை வீழ்த்தியவை மூன்று. முதலாவது சாயம். 1856-க்குப் பிறகு ஐரோப்பாவில் பிறந்த அனிலின் சாயங்கள் மலிவாக இந்தியச் சந்தைக்குள் புகுந்தன. அவுரி நீலமும் அரக்குச் சிவப்பும் பல நாள் வேலை வாங்கும். பொட்டலச் சாயமோ ஒரே கொதியில் வேலையை முடித்துவிடும், ஆனால் சீக்கிரமே வெளுக்கும். இரண்டாவது சிறை. லாகூர், ஆக்ரா, எரவாடா சிறைகளில் கைதிகளைக் கொண்டு கம்பளம் நெய்ய வைத்தது ஆங்கில அரசு. விண்ட்சர் கோட்டையின் வாட்டர்லூ கூடத்துக்கான பிரம்மாண்டக் கம்பளத்தை நெய்தவர்கள் ஆக்ரா சிறைவாசிகள். கூலியில்லா உழைப்போடு, குடும்பம் வைத்துப் பிழைக்கும் நெசவாளி விலையில் போட்டியிட முடியுமா? சிறைக் கம்பளங்கள் இந்தியக் கைவினையைக் கெடுப்பதாக ஜார்ஜ் பேர்ட்வுட் என்பவர் 1880-இல் வந்த தன் நூலில் கடுமையாகவே எழுதினார். எழுதியும் நிற்கவில்லை.

மூன்றாவது காரணம் இந்த மண்ணுக்கே உரியது.

ஒரே தண்டவாளம், இரண்டு விதி

1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் ரயில் சென்னை ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அது போய்ச் சேர்ந்த இடம் வாலாஜா ரோடு. பெயரில் வாலாஜா இருந்தாலும் ஸ்டேஷன் ஊருக்குச் சில மைல் வடக்கே அமைந்தது. சாலைவழி வண்டிகளை நம்பி வளர்ந்த சந்தை நகரத்தை ரயில் ஒதுக்கிவிட்டுப் போனது. வண்டிகள் தங்க வேண்டிய அவசியம் போனதும் வணிகர்கள் நகர்ந்தார்கள், அவர்களோடு கம்பளம் வாங்கும் கையும் நகர்ந்தது.

அதே தண்டவாளம் அடுத்த சில ஆண்டுகளில் மேற்கே நீண்டு ஆம்பூரையும் வாணியம்பாடியையும் துறைமுகத்தோடு இணைத்தது. தோல் தொழிலுக்கு வேண்டியதெல்லாம் இங்கே முன்பே இருந்தது. மணலுக்குள் ஊற்றெடுக்கும் பாலாற்றுத் தண்ணீர், புறம்போக்கெல்லாம் பூத்துக் கிடக்கும் ஆவாரஞ்செடி, கடுக்காய், வணிகத்தில் தேர்ந்த முஸ்லிம் குடும்பங்கள். 1840-களில் புதுச்சேரியைச் சேர்ந்த சார்லஸ் டி சூசா ஆவாரம்பட்டையில் பதனிடும் முறையைச் செம்மைப்படுத்திச் சென்னையில் தொடங்கிவைத்தார் என்கிறது தொழில் வரலாறு. அந்தத் தோல், ஈ.ஐ. என்ற சுருக்கப் பெயரோடு லண்டன் சந்தையில் விலைபோனது. அந்தப் பெயருக்கு விரிவு, கிழக்கிந்தியத் தோல்.

சுதந்திரத்துக்குப் பின்னும் கை கொடுத்தது அரசு. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. 1970-களில் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு வந்து, முழுமையாக்கிய தோலாகவும் ஷூவாகவும் அனுப்ப ஊக்கம் தரப்பட்டது. ஆவாரம்பட்டை ஒதுங்கி, குரோமியம் வந்தது. இன்று ஈ.ஐ. தோல் தமிழகத்தின் புவிசார் குறியீட்டுப் பட்டியலில் இருக்கிறது. பவானி ஜமக்காளம் இருக்கிறது, பத்தமடைப் பாய் இருக்கிறது. அந்த வரிசையில் வாலாஜாக் கம்பளத்தைக் காணோம். வாலாஜாவில் தறிச் சத்தம் இன்றும் கேட்கிறது, ஆனால் அது பட்டுத் தறி. வேலூர் மத்தியச் சிறையில் இன்று கைதிகள் தயாரிப்பதும் காவலர்களுக்கான ஷூ. இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் தோல்தான் ஜெயித்திருக்கிறது.

செத்த கம்பளி

வட்டாரத்து ஆட்டுக்குக் கம்பளி இல்லை என்றாலும், இங்கே பதனிடுவது வட்டாரத் தோலை மட்டும் அல்ல. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தோல் வருகிறது, அதில் தக்காணத்தின், வடக்கின் ரோமத் தோல்களும் உண்டு. ஆகவே தோல் ஷாப்களில் கழிகிற ரோமத்துக்கும் ஒரு வியாபாரம் இருந்தது. அலசி, காயவைத்து, மூட்டை கட்டி விற்றார்கள். முரட்டுப் போர்வைக்கும் விரிப்புக்கும், ரோமத்தை அழுத்தி இறுக்கிச் செய்யும் நமுதாவுக்கும் அது போனது.

கம்பளத் தொழிலில் இதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: செத்த கம்பளி. உயிருள்ள ஆட்டிலிருந்து கத்தரித்த ரோமத்துக்கு மினுமினுப்பும் துள்ளலும் இருக்கும். சுண்ணாம்பும் சல்பைடும் தின்ற ரோமமோ நொறுங்கும், சாயத்தைச் சீராகப் பிடிக்காது. நல்ல ரோமத்தோடு இதைக் கலந்து நெய்துவிட்டால் சில ஆண்டுகளில் கம்பளம் வழுக்கை விழும். விலை குறைக்க வேண்டிய நெருக்கடியில் இருந்த தொழிலுக்கு இந்த மலிவுச் சரக்கு ஒரு சபலம். இந்தியக் கம்பளங்களின் பெயரைக் கெடுத்ததில் இதற்கும் பங்கு உண்டு.

செயற்கை இழை மலிந்தபின் அந்தச் சில்லறை வியாபாரமும் தேய்ந்தது. ரோமத்துக்கு விலை இல்லாவிட்டால் அதைப் பத்திரமாகப் பிரித்தெடுக்கும் அக்கறையும் இருக்காது. கூடுதல் சல்பைடு போட்டு ரோமத்தைத் தோல்மீதே கரைத்துவிடுவது வேகமான வழி. கைவேலை மிச்சம், நேரம் மிச்சம். ஆனால் கரைந்த ரோமம் காணாமல் போய்விடுவதில்லை. கெராட்டின் என்ற புரதம் கூழாகிக் கழிவுநீரில் கலக்கிறது. தோல் ஷாப் கழிவுநீரின் கரிமச் சுமையிலும் நைட்ரஜன் சுமையிலும் பெரும்பங்கு இந்த ரோமம் நீக்கும் கட்டத்தில் பிறப்பதுதான். அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான சல்பைடும் இங்கிருந்தே வருகிறது.

பாலாறு என்ன ஆனது என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சூழலியல் சட்டத்தின் மைல்கல். முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையும் நாட்டின் சட்டத்தில் உண்டு என்று அது உறுதிசெய்தது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டிருப்பதையும், ஒரு கிலோ தோலை முழுமையாக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை கட்டாயமானது. இருந்தும் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் ஆற்றுக்கு மறுவாழ்வும் கேட்க வேண்டியிருந்தது. இடையில் ஓடியவை 28 ஆண்டுகள். இந்தச் சேதத்துக்கெல்லாம் ரோமமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தோலைக் கெடாமல் வைக்கும் உப்பும், பதனிடும் குரோமியமும் இன்னும் பெரிய குற்றவாளிகள். ஆனால் உப்பையும் குரோமியத்தையும் முற்றாகத் தவிர்ப்பது கடினம். ரோமத்தைக் கரைக்காமல் எடுப்பதற்கு வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

கையில் இருக்கும் வழி

சல்பைடைக் குறைத்து நொதிகளைக் கொண்டு ரோமத்தைத் தளர்த்தும் முறைகளை அடையாறு நிறுவனம் பல ஆண்டுகளாக உருவாக்கி வந்திருக்கிறது. அப்படி எடுத்தால் ரோமம் முழுதாக, சேதம் குறைவாகக் கிடைக்கும். கழிவுநீரின் சுமை இறங்கும், சுத்திகரிப்புச் செலவும் சேர்ந்து இறங்கும். தொழில்நுட்பம் பட்டறைக்குள் தயங்கித் தயங்கி நுழைவதற்குக் காரணம் எளிது. எடுத்த ரோமத்தை வாங்க ஆள் இல்லை.

கிடைக்கும் ரோமம் எல்லாம் கம்பளத்துக்கு ஆகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னைச் சிவப்பின் முடியில் ஃப்ளொகாட்டி நெய்ய முடியாது. முடிக்கு நமுதாவும் வெப்பத் தடுப்புப் பலகையும் வழி. அதிலும் சேராதது நைட்ரஜன் நிறைந்த உரமாகி வயலுக்குப் போகலாம். வெளியூர் ரோமத் தோல்களிலிருந்து நொதி முறையில் எடுத்த ரோமத்தைத் தரம் பிரித்தால் விரிப்புக்கான நூல் கிடைக்கும். நாடு முழுக்க 7 கோடிக்கு மேல் செம்மறிகள் இருந்தும் கம்பளி ஆலைகள் வெளிநாட்டு ரோமத்தை இறக்குமதி செய்கிற தேசம் இது. கிரேக்கர்களேகூட இன்று நியூசிலாந்து ரோமத்தில் ஃப்ளொகாட்டி நெய்கிறார்கள். ரோமம் உள்ளூர் ஆட்டுடையதா என்று அவர்களுடைய விதி கேட்பதில்லை. எங்கே, எதை, எப்படி நெய்தாய் என்று மட்டுமே கேட்கிறது.

2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, வாலாஜாபேட்டை ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போயின. மூன்று ஆட்சியர் அலுவலகங்களும் பாலாற்றைப் பற்றிப் பேசும்போது சுத்திகரிப்பு நிலையம் என்ற ஒரே சொல்லில் நின்றுவிடுகின்றன. குழாயின் கடைசி முனையில் வடிகட்டுவதைவிட, முதல் தொட்டியிலேயே ரோமத்தைத் தூக்கிவிடுவது மலிவு. அதற்குச் செய்ய வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. நொதி முறைக்கு மாறும் தோல் ஷாப்புக்குச் சுத்திகரிப்புக் கட்டணத்தில் சலுகை வேண்டும். எடுத்த ரோமத்தைத் தரம் பிரித்து அலசும் பொதுக்கூடம் ஒன்று ராணிப்பேட்டையில் வேண்டும். வாலாஜாவின் நெசவாளர் கூட்டுறவுகளில் சில தறிகளுக்கு விரிப்பு நெசவுப் பயிற்சி வேண்டும். அங்கிருந்து வெளிவரும் விரிப்புக்கு எடை, ரோம அளவு, நெசவு முறை எல்லாம் எழுதிவைத்த ஒரு தரக் குறியீடு வேண்டும்.

பெயர் வைத்துவிட்டால் தொழில் பிழைத்துவிடும் என்பது இல்லை. ஆனால் பெயரும் அளவுகோலும் இல்லாத சரக்கை வாங்குபவர் குப்பை விலைக்கே கேட்பார், குப்பை விலைக்குப் போவதை விற்பவரும் குப்பையாகவே நடத்துவார். வாலாஜாவில் 19-ஆம் நூற்றாண்டில் நடந்ததும் தோல் ஷாப் தொட்டிகளில் இன்று நடப்பதும் இதே கணக்குதான். ஒரு மூட்டை ஆட்டு முடிக்கு நியாயமான விலை கிடைக்கும் நாளில் அதைக் கரைத்து ஆற்றில் விட எந்த முதலாளிக்கும் மனம் வராது. நீதிமன்றம் ஒரு தலைமுறைக்கு மேலாக அபராதத்தால் செய்யப் பார்க்கும் வேலையில் ஒரு பங்கை, ஒரு சந்தை தானாகச் செய்துவிடும். அந்தச் சந்தையை உருவாக்கும் பொறுப்பு, தோலை உலகச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே அரசுக்கு இருக்கிறது.